ஏழுமலையின் தூக்கம்

மார்ஃபின் அலமாரியின் சாவியை முதல் தடவையாகக் கையில் வாங்கப்போகும் நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எவ்வளவு மருந்து, எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்த இடத்தில் குத்துவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். எல்லாவற்றையும் சொன்னபடி செய்த பிறகும் ஒரு மனிதர் நம் கண்ணெதிரே மூச்சு விட மறந்துகொண்டிருந்தால், தலை எப்படிக் குழம்பும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். இருபது கட்டில்தான். என் வீடு விழுப்புரத்தில். தினமும் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வருவேன். அங்கே இரண்டு டாக்டர்கள். ஆஸ்பத்திரியை நடத்தியவரைப் பெரிய டாக்டர் என்போம். படிப்பை முடித்துவிட்டு வந்து நான்கு மாதமே ஆகியிருந்த இன்னொருவர் சின்ன டாக்டர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பகல் நேரத்துக்குப் பொறுப்பான நர்ஸ் நான். சாவி என் இடுப்பில் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தை மாதக் குளிர் இன்னும் விடாத ஒரு காலையில், ஒன்பது மணி சுமாருக்கு ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏழுமலையைக் கொண்டுவந்தார்கள். ஒலக்கூர் பக்கத்து விவசாயி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், மோட்டார் தண்ணீரை இழுக்கவில்லை என்று கிணற்று ஓரம் போயிருக்கிறார். கரை சரிந்தோ, கால் வழுக்கியோ உள்ளே விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து, இடுப்பளவு தண்ணீரில் இரண்டு மணி நேரம் கிடந்திருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் சத்தம் கேட்டு ஆட்களைக் கூட்டி மேலே தூக்கினாராம்.

வரும்போது உடம்பு பனிக்கட்டி போல இருந்தது. கையில் நாடி தேடித்தான் கிடைத்தது. பி.பி. எழுபதுக்கு மேல் ஏறவில்லை. ஆனால் வலியில் போட்ட சத்தம் தெருவரை கேட்டது. கூட அவருடைய மனைவி அஞ்சலையும் தம்பி வீரமுத்துவும் வந்திருந்தார்கள். என்ன நடந்தது, எப்போது விழுந்தார் என்று நான் விசாரித்தேன். வீரமுத்துதான் பதில் சொன்னார். அஞ்சலை சுவரோடு ஒட்டி நின்றாள். ஆம்பிளை பேசிக்கொண்டிருக்கும்போது அவளிடம் தனியாகக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பெரிய டாக்டர் ஒரு பழைய வழக்கில் சாட்சி சொல்ல அன்று பதினொரு மணிக்கு விழுப்புரம் கோர்ட்டில் இருக்க வேண்டும். கண் கடிகாரத்தில் இருந்தாலும் கையை அவசரப்படுத்த மாட்டார். காலை இழுத்துக் கட்டி எடை தொங்கவிட்டார். இரண்டு கையிலும் சலைன் ஏற்றச் சொன்னார். மார்ஃபின் ஒன்று போடச் சொன்னார். நான் அலமாரியைத் திறந்து எடுத்து, இடுப்புச் சதையில் போட்டேன். காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, "வலி அடங்கலைன்னா முக்கால் மணி கழிச்சு இன்னொண்ணு போடும்மா" என்றார். அதே வாயில், "கோர்ட்டுக்கு எதிர மெடிக்கல் ஷாப்புல சொல்லி வச்சிருக்கேன். எதுன்னா அவசரம்னா அங்க போன் போடு" என்று நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

வலி அடங்கவில்லை. போட்டதே வேலை செய்யாதது போல ஏழுமலை துடித்தார். "இன்னா ஊசி போட்ட நீ? தண்ணியப் போட்டியா?" என்று வீரமுத்து என்னிடம் எகிறினார். பத்தேகாலுக்கு இரண்டாவது ஊசியைப் போட்டேன். அதற்கும் பெரிதாகப் பலன் தெரியவில்லை. கம்பளி போர்த்தி, வெந்நீர்ப் பை வைத்து, சலைன் பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே இருந்தோம்.

பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லாமே நல்ல பக்கம் திரும்பியது. பி.பி. நூறைத் தாண்டியது. உள்ளங்கை கதகதவென்று ஆனது. சத்தம் குறைந்து முனகலாகி, முனகலும் நின்று, ஏழுமலை தூங்கினார். வார்டே மூச்சு விட்டது. கேஸ் ஷீட்டில் என் கையால் எழுதினேன்: 'வலி இல்லை. நிம்மதியாகத் தூங்குகிறார்.'

அரை மணி கழித்து அஞ்சலை என் மேஜைக்கு வந்தாள்.

"நர்சம்மா, ஒருவாட்டி வந்து பாக்குறீங்களா? இவுரு இப்பிடிக் கொறட்டை வுடுற ஆளு இல்ல."

"காலையிலேர்ந்து வலியில துடிச்சாரும்மா அவரு. விடிய விழுந்தவரு. அசதியில தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்றேன். நான் எழுந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தைக்கு டிரிப் நரம்பை விட்டு வெளியே ஊறிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்து வருடம் கூடப் படுத்த பெண், இது இவருடைய தூக்கம் இல்லை என்று வந்து சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் இருந்த எந்தக் கருவியும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. நான் அவளைத் திருப்பி அனுப்பினேன்.

ஒரு மணிக்குத்தான் என் காதிலேயே அது விழுந்தது. குறட்டை வருகிறது, நிற்கிறது. அடுத்தது வரும் என்று காத்திருந்தால் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒன்று. கட்டிலுக்கு ஓடினேன். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஐந்து மூச்சு. நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன. தோளைப் பிடித்து உலுக்கினேன். இமைகள் லேசாக அசைந்தன, அவ்வளவுதான். சத்தம் போட்டேன். சின்ன டாக்டர் வந்தார்.

டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு கண்பாவைகளும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. சின்ன டாக்டர் நிமிர்ந்து வீரமுத்துவைப் பார்த்தார்.

"என்ன குடிச்சாரு இவரு?"

அந்தக் கேள்வியில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் பாவை சுருங்கி, நினைவில்லாமல் ஒருவர் வந்தால் அது பூச்சி மருந்துதான். அந்த வார்டில் வாரம் தவறாமல் பார்த்தோம். வேறொன்றை நினைக்க எங்கள் கண் பழகியிருக்கவில்லை. கிணற்றில் விழுந்தவர் என்பதும் அதோடு பொருந்தியது. குடித்துவிட்டுக் குதித்தவர்களையும் பார்த்திருக்கிறோம்.

வீரமுத்துவுக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும் சார். விடியக் காத்தால ரெண்டு பேருக்கும் பேஜாரு. பொண்ணை பத்தாவது படிக்க அனுப்பணும்னு இவ ஒத்தக் கால்ல நின்னுக்கினு இருந்தா. அண்ணன் வேணாம்னாரு. இவதான் கேப்பைக் கூழு கரைச்சிக் குடுத்தா. அத்தக் குடிச்சிட்டுத்தான் கழனிப் பக்கம் போனாரு. அதுல இன்னாத்தக் கலந்தாளோ!"

அஞ்சலை வாயைத் திறந்தாள். அதற்குள் சின்ன டாக்டர் ஆயாம்மாவைக் கூப்பிட்டு, போலீஸ் அவுட்போஸ்ட்டில் தகவல் சொல்லச் சொன்னார். என்னிடம் அட்ரோபின் எடுக்கச் சொன்னார். பூச்சி மருந்துக்கு அதுதான் முறிவு.

இங்கேதான் என் தலை இரண்டாகப் பிளந்த மாதிரி இருந்தது. ரப்பர் பையை எடுத்து வந்து, அதன் முகமூடியை அவர் மூக்கிலும் வாயிலும் அழுத்தி, பையைப் பிசைந்து மூச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன். கை அதைச் செய்துகொண்டிருக்க, மனம் வேறெங்கோ ஓடியது. பூச்சி மருந்து என்றால் வாயில் நுரை தள்ளும். எச்சில் ஒழுகும், உடம்பு வியர்வையில் குளிக்கும், சதை துடிக்கும், கட்டிலைச் சுற்றி ஒரு நாற்றம் இருக்கும். இவருக்கு உதடு காய்ந்து வெடித்திருந்தது. தோல் உலர்ந்திருந்தது. நாற்றமே இல்லை.

அப்படியானால் மார்ஃபினா? பாவை சுருங்குவது, மூச்சு குறைவது, தூக்கம், எல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் நான் போட்டது இரண்டு. இரண்டாவது போட்டு மூன்று மணி நேரம் ஆகப்போகிறது. வேலை செய்வதாக இருந்தால் அப்போதே செய்திருக்க வேண்டாமா? அப்போது அந்த மனிதர் கத்திக்கொண்டல்லவா இருந்தார்? நேரம் போகப்போக மருந்து குறையத்தானே வேண்டும்? கணக்கு எந்தப் பக்கமிருந்து போட்டாலும் உதைத்தது. அளவை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று ஒரு பயம். ஆயாம்மா திரும்பி வந்ததும் சாவியைக் கொடுத்து, அலமாரியிலிருந்து காலி ஆம்பூல் குப்பிகளை எடுத்துவரச் சொன்னேன். இரண்டுதான் இருந்தன. அளவும் சரியாக இருந்தது.

இதற்குள் சின்ன டாக்டர் ஒரு அட்ரோபின் போட்டுவிட்டார். நாடி நூற்று முப்பதுக்குப் போனது. மூச்சில் மாற்றமில்லை. "இன்னொண்ணு எடுங்க சிஸ்டர்" என்றார்.

மார்ஃபின் என்று நான் சொன்னால், போட்டது என் கை. சொல்லாவிட்டால் விஷம் என்றே ஆகும். அங்கே ஒருத்தி சுவரோடு நின்றுகொண்டிருக்கிறாள். நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று நினைவில்லை. பத்துத் தடவை பையைப் பிசைந்திருப்பேன். அந்தப் பத்துத் தடவையும் எனக்கு இன்னும் கனக்கிறது.

"டாக்டர், காலையில நான் ரெண்டு மார்ஃபின் போட்டிருக்கேன். வாய் காஞ்சு கெடக்கு பாருங்க."

அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "ரெண்டுக்கு இவ்ளோ ஆவாது சிஸ்டர். நேரத்தைப் பாருங்க" என்றார்.

அந்தப் பதில் எனக்கு இதமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்படுகிறேன், ஆனாலும் சொல்ல வேண்டும். நான் கேட்டுவிட்டேன், டாக்டர் இல்லையென்றுவிட்டார், இனி என் பொறுப்பு இல்லை என்று ஒரு நொடி நினைத்தேன். உங்களுக்கும் அந்த நொடி வரும். வரும்போது அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்போது அஞ்சலை சுவரை விட்டு வந்தாள். கொழுந்தன் தடுத்ததையும் தள்ளிவிட்டு, கட்டிலின் தலைமாட்டில் மண்டியிட்டு, புருஷன் காதருகே வாயை வைத்து அலறினாள்.

"யோவ்! மூச்சு வுடுய்யா! மூச்ச இழுய்யா!"

ஏழுமலை மூச்சை இழுத்தார். நான் பையைப் பிசையவில்லை. அவராகவே, நெஞ்சு நிமிரும் அளவுக்கு ஆழமாக இழுத்தார்.

நான் பையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி நின்றுபோனது. "இன்னொருவாட்டி கூப்பிடும்மா" என்றேன். கூப்பிட்டாள். இழுத்தார். சொன்னால் விடுகிறார், சொல்லாவிட்டால் மறந்துவிடுகிறார். பயிற்சிக் காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் ஒருமுறை இப்படிப் பார்த்திருக்கிறேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், வலி ஊசி அதிகமாகிப்போன ஒருவரின் கன்னத்தைத் தட்டி, "மூச்சு விடுங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூச்சி மருந்து குடித்தவருக்குச் சதையே சோர்ந்துவிடும். சொன்னாலும் முடியாது. இவருக்குச் சதை நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சு விட வேண்டும் என்ற நினைப்புதான் போய்விட்டது.

"டாக்டர், இது மார்ஃபின்தான். எப்படின்னு எனக்குத் தெரியல. ஆனா இதுதான்" என்றேன்.

சின்ன டாக்டரும் அந்த மூச்சைப் பார்த்திருந்தார். அட்ரோபினைக் கீழே வைத்தார். அது சாதாரண விஷயம் இல்லை. எத்தனையோ பெரியவர்கள் கையில் எடுத்ததைக் கீழே வைக்க மாட்டார்கள்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி வேற யாராவது ஊசி போட்டாங்களா?" என்று அஞ்சலையிடம் நான் கேட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"போட்டாரே நர்சம்மா. வர்ற வழியில ஒரு டாக்டருகிட்ட வண்டிய நிறுத்துனாங்க. வண்டியில வச்சே குத்துனாரு. இவுரு தம்பி அப்ப கூட இல்ல, பின்னால சைக்கிள்ல வந்தாரு. சீட்டு குடுத்தாரு." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நனைந்து நாலாக மடிந்த காகிதம் ஒன்று இருந்தது. பெத்திடின் நூறு மில்லிகிராம், எட்டு மணி. மார்ஃபினுக்குப் பங்காளி மருந்து அது.

"இத்த ஏம்மா முன்னாடியே குடுக்கல?"

"என்னை யாரும் கேக்கலையே நர்சம்மா."

மூன்று ஊசி. இரண்டு எங்கே, மூன்று எங்கே? ஆனாலும் குழப்பம் தீரவில்லை. எட்டு மணிக்குப் போட்டது ஒரு மணிக்கு எப்படி ஆளைச் சாய்க்கும்?

சின்ன டாக்டர் பையை வாங்கிக்கொள்ள, நான் போனுக்கு ஓடினேன். விழுப்புரத்துக்கு, கூடுதல் காசுக்கு உடனே இணைப்புக் கொடுக்கும் லைட்னிங் கால் போட்டேன். சாதாரண டிரங்க் கால் என்றால் எப்போது கிடைக்குமோ தெரியாது. மெடிக்கல் ஷாப் பையன் கோர்ட்டுக்குள் ஓடி, பெரிய டாக்டர் லைனுக்கு வரப் பத்து நிமிடம் ஆனது. சீட்டில் இருந்ததையும், கண்டதையும் வரிசையாகச் சொன்னேன். அவர் ஊசி போட்ட நேரங்களை இன்னொருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நம்மகிட்ட முறிவு ஊசி கெடையாது. பாண்டிச்சேரியில எனக்குத் தெரிஞ்ச மயக்க டாக்டருகிட்ட நலாக்ஸோன் இருக்கும். நான் ஜட்ஜுகிட்ட சொல்லிட்டு அந்த வழியாவே வாங்கிக்கினு வர்றேன். மூணு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் பைய வுடாத. அவருக்கு இப்ப வேண்டியது காத்துதான். எதனால ஆச்சுன்னு அப்பறம் பாத்துக்கலாம்."

நான் உங்களுக்குக் கொடுக்க நினைப்பதும் அந்தக் கடைசி இரண்டு வாக்கியம்தான். விஷமா மார்ஃபினா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவருக்குத் தேவைப்பட்டது காற்று. காரணம் தெரியாமலும் காற்றைக் கொடுக்கலாம்.

மூன்று மணி நேரம். நானும் சின்ன டாக்டரும் மாறி மாறிப் பிசைந்தோம். கை மரத்து, விரல் மடங்காமல் போனது. நடுநடுவே அஞ்சலை கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டால் வருகிற மூச்சுக்கு நாங்கள் பையை நிறுத்துவோம். குரல் கம்மிப்போன பிறகும் நிறுத்தவில்லை. வீரமுத்து வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். அண்ணன் செத்துப்போவாரோ என்ற பயத்தில் அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் அண்ணியைப் பார்த்த பார்வை மட்டும் மாறவில்லை.

நாலரை மணிக்கு பெரிய டாக்டர் கோர்ட்டுக்குப் போன அதே கோட்டோடு உள்ளே வந்தார். கையில் இரண்டே ஆம்பூல். முதலாவதைச் சிறிது சிறிதாக நரம்பில் ஏற்றினார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஏழுமலை கண்ணைத் திறந்தார். ஆழமாக மூச்சை இழுத்தார். அடுத்த நொடி, "அய்யோ, கால் போச்சே!" என்று கத்தினார்.

முறிவு ஊசி மயக்கத்தை மட்டும் எடுக்காது, வலி தெரியாமல் வைத்திருந்ததையும் எடுத்துவிடும். அந்தக் கத்தலைக் கேட்டு சின்ன டாக்டர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

பெரிய டாக்டர் கைகழுவும் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனேன். அவர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே பேசினார்.

"காலையில உடம்பு சில்லுனு இருந்துச்சில்ல? ரத்தம் கை காலுக்கே போகல. நீ சதையில போட்ட மருந்து போட்ட எடத்துலயே குந்திக்கினு இருந்துச்சு. அதான் வலி அடங்கல. அடங்கலைன்னு இன்னொண்ணு போட்டோம். அதுவும் அங்கயே குந்திக்கிச்சு. மதியம் சலைன் ஏறி உடம்பு சூடாச்சு, ரத்தம் ஓடுச்சு. வழியில போட்டதையும் சேத்து மூணும் ஒண்ணாக் கெளம்பிடுச்சு."

நாங்கள் சந்தோஷப்பட்ட அதே நேரம்தான். பி.பி. ஏறுகிறது, கை சூடாகிறது என்று நாங்கள் நிம்மதியான அதே நேரத்தில்தான் அது தொடங்கியிருக்கிறது.

"இது யார் தப்பு சார்?"

"உன்கிட்ட ரெண்டாவது போடச் சொன்னவன் நான். கார்ல குந்திக்கினு சொன்னேன்." குழாயை மூடினார். "இப்ப அதுக்கு நேரமில்ல. முறிவு ஊசி சீக்கிரம் கரைஞ்சிடும். மார்ஃபின் அதுக்கப்பறமும் உள்ள இருக்கும். மறுபடி தூங்குவாரு. பக்கத்துலயே இரு."

கட்டிலுக்குத் திரும்பினால் வீரமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலி தாங்க முடியாம துடிக்கிறாரு, ஜல்தியா ஒரு ஊசி போடும்மா, உனக்குப் புண்ணியமா போவும்" என்று கெஞ்சினார். காலையில் இதே அவசரத்துக்குத்தான் நான் இரண்டாவதைப் போட்டேன். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஆனாலும் போடவில்லை. காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்து, தொங்கும் எடை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தரைக்குக் கத்தல் குறைந்தது. "அப்பாடா, தூங்கிட்டாரு" என்றார் வீரமுத்து. நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பதினாலு. கொஞ்ச நேரம் கழித்துப் பத்து. பிறகு எட்டு. குரல் கொடுத்தேன். இரண்டாவது ஆம்பூலில் பாதி போனது. கூடவே பையும் கொஞ்ச நேரம் ஓடியது. பொழுது சாய்ந்த பிறகு மீதிப் பாதியும் போனது. அதன் பிறகு மூச்சு குறையவில்லை. அன்று விழுப்புரம் பஸ்ஸை நான் பிடிக்கவில்லை.

பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டை வாங்கி, மூன்று ஊசியையும் நேரத்தோடு எழுதினார். இரண்டாவதைப் போடச் சொன்னது தான் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வீட்டாளுங்ககிட்ட சொல்லணுமா சார்?" என்று கேட்டேன். பேனாவை மூடியபடி, "காலையில பாக்கலாம்" என்றார். அவருக்கும் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லும் பழக்கம் எங்கும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏட்டு வந்தார். முந்தின நாள் அனுப்பிய தகவல் அப்படியே இருந்தது. அதைத் திரும்பப் பெற யாருக்கும் நினைவில்லை. பெரிய டாக்டர் தியேட்டரில் ஒரு பிரசவக் கேஸில் இருந்தார். ஏட்டு நோட்டை விரித்துக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

"எப்படிய்யா வுழுந்த? நீயா குதிச்சியா, கரை சரிஞ்சிச்சா?"

ஏழுமலை முகத்தைச் சுருக்கி யோசித்தார். "ஒண்ணும் ஞாபகம் வரலைங்க ஐயா. கூழு குடிச்சது ஞாபகம் கீது. அப்பறம் இந்தக் கட்டில்தான்."

குளிரும் அதிர்ச்சியும் காற்றில்லாத நேரமும் அப்படியும் செய்யும். விழுந்த விடியலோடு சேர்த்து நேற்றைய பகலை அவரிடமிருந்து துடைத்து எடுத்திருந்தன. அவர் விழுந்தாரா, குதித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ.

"பாத்தீங்களா ஐயா?" என்றார் வீரமுத்து. "கூழுதான். கூழு குடிச்சதுதான் கடைசி ஞாபகம்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. இவதான் விஷம் குடுத்துட்டா. எழுதுங்க."

ஏட்டு அஞ்சலையைப் பார்த்துப் பேனாவை எடுத்தார். தொண்டை கட்டிப்போய் அவளுக்குப் பேச்சே வரவில்லை. முந்தின நாள் மூன்று மணி நேரம் கத்திய தொண்டை அது. ஏழுமலை தம்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் கண்ணிலும் அந்தச் சந்தேகம் மெல்ல வந்து உட்கார்வதை நான் பார்த்தேன். நினைவில்லாத மனிதர் வேறு எதை நம்புவார்?

சின்ன டாக்டர் கதவருகே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார். எனக்கு ஆஸ்பத்திரியின் நல்ல பெயர் நினைவுக்கு வந்தது. வேலை, வீட்டில் என்னை நம்பியிருந்த அம்மா, இடுப்புச் சாவி, எல்லாம் நினைவுக்கு வந்தன. எது சரி என்று தெளிவாகத் தெரிந்து நான் பேசினேன் என்று எழுத ஆசைதான். அப்படியில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாமல் வாயைத் திறந்தேன்.

"விஷம் இல்லைங்க. அந்தம்மா ஒண்ணும் கலக்கல. வலிக்குப் போட்ட ஊசி. வழியில ஒரு டாக்டர் போட்டது ஒண்ணு, இங்க நான் போட்டது ரெண்டு. மூணும் ஒண்ணா வேலை செஞ்சிடுச்சு. அதனாலதான் மூச்சு நின்னுச்சு. கேஸ் ஷீட்டுல இருக்கு, படிச்சுப் பாருங்க."

வீரமுத்து என் பக்கம் திரும்பினார். "அப்ப நீதான் எங்க அண்ணனக் கொல்லப் பாத்தியா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஏட்டு நடுவில் புகுந்து தடுத்தார். நான் அசையவில்லை. பயத்தில் அசைய முடியவில்லை என்பதே உண்மை.

அஞ்சலை எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். என்னை ஏசப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஏசியிருந்தாலும் அவளுக்கு உரிமை இருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காற்றாகிப்போன குரலில் கேட்டாள்.

"இன்னொருவாட்டி சொல்லும்மா. இவுரு காதுல வுழுற மாதிரி, சத்தமா சொல்லும்மா."

நான் ஏழுமலையின் கட்டில் பக்கம் திரும்பி, வார்டு முழுக்கக் கேட்கும்படி இன்னொருமுறை சொன்னேன்.